குடிபெயர்ந்தோர் வளர்த்த சமயம்

சமயங்கள் பரவிய வரலாற்றைப் பேசுங்கால் அரசர்களின் பெயர்களையே முதலில் சொல்லிப் பழகிவிட்டோம். பௌத்தம் என்றவுடன் அசோகர் நினைவுக்கு வருகிறார். கிறிஸ்துவம் என்றவுடன் கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி நினைவுக்கு வருகிறார். ஆயினும் கிறிஸ்துவ சமயத்தைப் பொறுத்தவரை ஆண்டுக் கணக்கு ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். கான்ஸ்டன்டைன் அச்சமயத்தாருக்கு வழிபாட்டுரிமை வழங்கியது கி. பி. 313-இல். இயேசுநாதர் சிலுவையில் அறையப்பட்டது ஏறத்தாழ கி. பி. 30-இல். இடையே இருநூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. அக்காலம் முழுவதும் ரோமப் பேரரசில் அச்சமயத்துக்குப் படையில்லை, கருவூலமில்லை, அரசாணையின் துணையில்லை. பன்முறை அரசாணையே அதற்குப் பகையாயிற்று. அவ்வாறிருந்தும் 313-ஆம் ஆண்டளவில் ஸ்பெயின் முதல் மெசபொத்தாமியா வரை நகரந்தோறும் கிறிஸ்தவ சபைகள் இருந்தன. அவற்றை ஆங்காங்கே கொண்டு சேர்த்தவர் யார்?

பெரும்பாலும் சொந்த ஊரை விட்டு வேற்றூரில் பிழைத்த எளிய மக்களே என்பது விடை. கூடாரம் தைப்போர், சாயத்துணி விற்போர், அடிமைகள், அடிமைத்தளை நீங்கியோர், கப்பலேறிய வணிகர், மடல் சுமந்து சென்ற பெண்டிர் ஆகியோர் அவர்கள். மொழியும் வழக்கமும் வேறான ஊர்களில் அவர்கள் எங்குக் கூடினர், ஒருவரையொருவர் எங்ஙனம் தாங்கினர், தம்மவர் அல்லாதாரை எவ்வாறு ஏற்றனர் என்பதே அச்சமயத்தின் முதல் முந்நூறாண்டு வரலாறு. ஊர் விட்டு வந்து, காலனி வீடுகளில் குடியமர்ந்து, சங்கம் ஒன்று கண்டு வாழும் நாம் அவ்வரலாற்றை அறிவதில் பயனுண்டு. நம்முள் சைவரும் வைணவரும் இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் உளர். எந்தச் சமயத்தையும் உயர்த்தவோ தாழ்த்தவோ இக்கட்டுரை எழுந்ததன்று. வரலாற்றை வரலாறாகக் காண்பதே நம் நோக்கம்.

பிறந்த மண்

மத்தியதரைக் கடலின் கீழ்க்கரையில் உள்ள பாலஸ்தீனம் கி. மு. 63-இல் ரோமாபுரியின் ஆதிக்கத்துக்கு உட்பட்டது. அங்கு வாழ்ந்த யூதர்கள் ஒரே கடவுளை வணங்கியவர்கள். எருசலேம் நகரத்து ஆலயத்தையும் மோசேயின் சட்டத்தையும் உயிரெனப் போற்றியவர்கள். அந்நாட்டின் வடபகுதியான கலிலேயாவில் நாசரேத்து என்னும் சிற்றூரில் வளர்ந்தவர் இயேசு. ஏரோது மன்னன் கி. மு. 4-இல் இறந்தான், இயேசு அதற்குச் சற்று முன்னரே பிறந்திருத்தல் வேண்டும் என்பர் வரலாற்றறிஞர். கிறிஸ்து ஆண்டுக் கணக்கை வகுத்தவர் 6-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த துறவி ஒருவர். அவர் கணக்கில் சில ஆண்டுகள் பிசகின.

இயேசுவுக்கு மரண தண்டனை விதித்த பொந்தியு பிலாத்து கி. பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்ட ரோம அதிகாரி. அவன் பெயர் பொறித்த கல்லொன்று 1961-இல் செசரியா நகரத்து இடிபாடுகளில் கிடைத்தது. ரோம வரலாற்றாசிரியராகிய டாசிட்டஸும் இத்தண்டனையைக் குறிப்பிடுகின்றார். அவர் அச்சமயத்தை வெறுத்தவர் ஆதலின், அவர் சான்று மேலும் மதிப்புடையது.

இயேசுவின் முதற்சீடர்கள் மீன்பிடிப்போரும் சிற்றூர் மக்களுமே. அவர்கள் பேசியது அரமேயம். அவர்கள் தம்மைப் புதுச் சமயத்தார் என எண்ணவில்லை. யூதராகவே வாழ்ந்தனர், எருசலேம் ஆலயத்திலேயே தொழுதனர். அச்சிறு கூட்டத்தின் செய்தி கடல் கடந்ததற்குக் காரணம் யூத மக்களின் வேறொரு நிலைமை. அதனை அடுத்துக் காண்போம்.

கல்லிற் பொறித்த சத்திரம்

இயேசுவின் காலத்துக்கு நெடுங்காலம் முன்னரே யூதர்கள் பல நாடுகளிற் சிதறி வாழ்ந்தனர். போரிற் சிறைப்பட்டுச் சென்றோர் சிலர். வாணிகத்தின் பொருட்டுச் சென்றோர் சிலர். எகிப்தின் அலெக்சாந்திரியா, சிரியாவின் அந்தியோகியா, ரோமாபுரி ஆகிய பெருநகரங்களில் அவர்களுக்குத் தனிக் குடியிருப்புகள் இருந்தன. பிள்ளைகள் கிரேக்கம் பேசி வளர்ந்தனர். முன்னோர் மொழியாகிய எபிரேயம் அவர்களுக்கு அரிதாயிற்று. ஆகவே கி. மு. 3-ஆம் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியாவில் யூத மறைநூலைக் கிரேக்கத்தில் மொழிபெயர்க்கத் தொடங்கினர்.

சென்றவிடமெல்லாம் அவர்கள் ஜெப ஆலயம் அமைத்தனர். அங்குப் பலி இல்லை; வாசிப்பும் வழிபாடும் மட்டுமே. 1913-14-இல் எருசலேமில் அகழ்ந்தெடுத்த கிரேக்கக் கல்வெட்டு ஒன்று இதனை நன்கு விளக்குகிறது. தேயோதோத்து என்னும் குரு ஜெப ஆலயம் ஒன்று கட்டுவித்தார் என்றும், அது சட்டத்தை வாசிக்கவும் கற்பிக்கவும் அமைந்தது என்றும், அதனோடு வெளிநாட்டிலிருந்து வருவோர் தங்குதற்கு விடுதியும் அறைகளும் நீர் வசதியும் செய்யப்பட்டன என்றும் அக்கல்வெட்டு கூறுகின்றது. வந்தாரை வரவேற்க ஓர் அறை, பிள்ளைகளுக்குக் கற்பிக்க ஓர் இடம், குடிக்கவும் குளிக்கவும் தண்ணீர்: குடிபெயர்ந்தோர் கூட்டம் எதுவாயினும் அதன் முதல் தேவைகள் இவையே.

இயேசுவின் செய்தி இவ்வமைப்பின் வழியே பரவியது. எருசலேமில் கிரேக்கம் பேசிய சீடர் சிலர் துன்புறுத்தப்பட்டபோது அவர்கள் சிதறி அந்தியோகியா வரை சென்றனர். அந்நகரில்தான் முதன்முதலாக யூதரல்லாதாரிடமும் பெருவாரியாகப் பேசத் தலைப்பட்டனர். கிறிஸ்தவர் என்னும் பெயர் முதலில் வழங்கியதும் அங்குத்தான்.

ஒரே பந்தி

அந்தியோகியாவில் ஒரு பெருஞ்சிக்கல் எழுந்தது. யூதர் உணவு விதிகள் உடையவர். விலக்கிய உணவை உண்ணார். பிறரோடு பந்தியமர்வதில் மிகுந்த எச்சரிக்கை உடையவர். புதிதாக வந்த கிரேக்கரும் சிரியரும் அவ்விதிகளை அறியாதவர். எல்லோரும் ஒன்றாய் உண்பதே இச்சபையின் வழிபாடு. அங்ஙனமாயின் வந்தவர்கள் முதலில் விருத்தசேதனம் செய்துகொண்டு யூதராதல் வேண்டுமா, அன்றி வந்தபடியே அமரலாமா?

இதனைச் சிறு வினா என எண்ணுதல் தகாது. பேரரசுகளின் நடுவே சிறிய இனமொன்று கரைந்துபோகாமல் நின்றது அவ்விதிகளால்தான். கி. மு. 167-ஐ ஒட்டி அந்தியோக்கு என்னும் கிரேக்க மன்னன் அவற்றைத் தடை செய்தபோது அவற்றுக்காக உயிர் கொடுத்த குடும்பங்கள் உண்டு. விதியைத் தளர்த்தினால் நம் பிள்ளைகள் நம்மவராக இருப்பார்களா என்ற அச்சம் வேற்றூரில் வாழும் எவர்க்கும் இயல்பே.

ஏறத்தாழ கி. பி. 48-49-இல் எருசலேமில் மூத்தோர் கூடி இதனை ஆராய்ந்தனர். இயேசுவின் சகோதரர் எனப்பட்ட யாக்கோபும், முதற்சீடர் பேதுருவும், தர்சு நகரத்தவராகிய பவுலும் அங்கிருந்தனர். வருவோர்க்கு விருத்தசேதனம் கட்டாயமன்று என்பது முடிவு. ஆயினும் சிக்கல் அத்துடன் தீரவில்லை. பேதுரு அந்தியோகியாவுக்கு வந்தார். முதலில் எல்லாரோடும் அமர்ந்து உண்டார். யாக்கோபிடமிருந்து சிலர் வந்தவுடன் பந்தியை விட்டு ஒதுங்கினார். அவரைக் கண்டு பிறரும் ஒதுங்கினர். பவுல் எல்லார் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தார். இதனைப் பவுலே கலாத்தியருக்கு எழுதிய மடலில் கூறியுள்ளார். பேதுரு என்ன மறுமொழி கூறினார் என்பதை அவர் எழுதவில்லை.

சமயத்தின் தலைவர் இருவர் உணவுப் பந்தியைப் பற்றிப் பலரறிய வாதிட்டதை அவர்கள் மறைநூலே மறைக்காமல் வைத்திருக்கின்றது. அப்பந்தியில் எழுந்த வினாவே அச்சமயத்தின் போக்கை முடிவு செய்தது எனலாம். யூதருக்குள் ஒரு பிரிவாக நின்றுவிடாமல் அது உலகச் சமயமாக வளர்ந்தமைக்கு வித்து அங்கே இடப்பட்டது.

ஊர் மாறிய தம்பதியர்

பவுல் கூடாரத் தொழிலாளி. பகலில் தொழில் செய்தும் எஞ்சிய நேரத்தில் பேசியும் நகர் நகராகச் சென்றார். ரோமர் இட்ட கல் பாவிய சாலைகளும், கடற்கொள்ளையர் தொல்லை குறைந்த கடல்வழிகளும் அவருக்கு உதவின. மாசிதோனியாவின் குறுக்கே ஓடிய எக்னாத்தியப் பெருவழியில் பிலிப்பியும் தெசலோனிக்கேயும் இருந்தன; அவ்விரு நகரங்களிலும் அவர் சபை கண்டார். பிலிப்பியில் அவருக்கு வீடு திறந்தவர் லீதியாள் என்னும் பெண்மணி. அவரும் அவ்வூரார் அல்லர். ஆசியாவின் தியத்தீரா நகரிலிருந்து வந்து இரத்தாம்பரம் விற்றவர்.

கொரிந்து நகரில் பவுலுக்கு உடன் தொழில் செய்யக் கிடைத்தவர்கள் ஆக்கில்லா, பிரிஸ்கில்லா என்னும் கணவன் மனைவியர். ஆக்கில்லா கருங்கடற்கரையைச் சார்ந்த பொந்து நாட்டவர். இருவரும் ரோமாபுரியில் வாழ்ந்தனர். ஏறத்தாழ 49-இல் கிளௌதியு சக்கரவர்த்தி யூதரை அங்கிருந்து வெளியேற்றவே கொரிந்துக்கு வந்தனர். பின்னர் எபேசுவில் அவர்களைக் காண்கின்றோம். அங்கு அவர்கள் வீட்டில் சபை கூடியது. அதன்பின் மீண்டும் ரோமாபுரியில் காண்கின்றோம்; அங்கும் அவர்கள் வீட்டிலேயே சபை கூடியது. சென்ற ஊரிலெல்லாம் சட்டி பானையை இறக்கியவுடன் வாயிற்கதவைத் திறந்து வைத்தவர்கள் இவர்கள். மாற்றலாணை கையில் வந்தவுடன் மூட்டை கட்டிப் பழகிய குடும்பங்களுக்கு இத்தம்பதியரின் அருமை எளிதில் விளங்கும்.

பவுல் கொரிந்தில் இருந்தபோது கல்லியோன் என்பவன் அந்நாட்டு ஆளுநன். தெல்பியிற் கிடைத்த கல்வெட்டினால் அவன் காலம் கி. பி. 51-52 எனத் தெரிகின்றது. பவுலின் வாழ்க்கை ஆண்டுகளைக் கணிப்பதற்கு இதுவே உறுதியான ஆதாரம்.

எழுத்தரின் வணக்கம்

தூரத்தில் இருந்த சபைகளைப் பிணைத்தவை மடல்கள். கிறிஸ்தவர் கைக்கு வந்த நூல்களுள் பழமையானவை பவுலின் மடல்களே. அவற்றுட் பல கி. பி. 50 முதல் 60 வரையிலான பத்தாண்டுகளில் எழுதப்பட்டவை. அக்காலத்து அரசு அஞ்சல் அரசாங்க வேலைக்கு மட்டுமே உரியது. பொதுமக்கள் மடல் அனுப்ப வேண்டுமெனின் அவ்வழிச் செல்வோர் கையிற் கொடுத்தனுப்ப வேண்டும்.

ஏறத்தாழ 57-இல் கொரிந்திலிருந்து ரோமாபுரிச் சபைக்குச் சென்ற மடல் அவற்றுள் மிகப் பெரியது. கெங்கிரேயாத் துறைமுகத்துச் சபையின் பணியாளர் பெபேயாள் என்னும் அம்மையாரை அம்மடல் பரிந்துரைக்கின்றது. ஆகவே அதனைக் கொண்டு சென்றவர் அவரே என்பது அறிஞர் பலரின் கருத்து. மடலின் இறுதியில் இருபதுக்கு மேற்பட்டோரைப் பெயர் சொல்லி வாழ்த்துகின்றார் பவுல். அப்பெயர்களுட் சில அடிமைகளுக்கு இடப்படும் பெயர்கள். பெண்களின் பெயர்களும் பல. பவுல் அதுவரை ரோமாபுரிக்குச் சென்றதில்லை. ஆயினும் அங்கு இத்தனை பேரை அவர் அறிந்திருந்தார். கிழக்கு நகரங்களில் அவரோடு பழகியவர் பலர் பிழைப்பின் பொருட்டு அத்தலைநகரை அடைந்திருந்தனர் என்பது இதனால் விளங்கும்.

அவ்வாழ்த்துகளின் நடுவே, பவுல் சொல்லச் சொல்ல அம்மடலை எழுதிய தெர்தியு என்னும் எழுத்தர் தம் பெயரையும் சொல்லி ஒரு வணக்கத்தை எழுதிச் சேர்த்துவிட்டார். பிறர் சொல்வதை நாளெல்லாம் எழுதிப் பதிவேடு நிரப்பும் நம் போன்ற எழுத்தர்கள் அவ்வொரு வரியை மறக்கவியலாது. பத்தொன்பதரை நூற்றாண்டாக அது அழியாமல் நிற்கின்றது.

இம்மடல்களை ஒவ்வொரு சபையும் படியெடுத்து அடுத்த சபைக்கு அனுப்பியது. கி. பி. 180-இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் சில்லி என்னும் ஊரைச் சேர்ந்த பன்னிருவர் விசாரிக்கப்பட்டனர். உங்கள் பெட்டியில் இருப்பது என்ன என்று அதிகாரி கேட்டதற்கு, நூல்களும் பவுலின் மடல்களும் என்று அவர்கள் விடையிறுத்ததாக விசாரணைக் குறிப்பு கூறுகிறது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் கிரேக்கத்தில் எழுதப்பட்ட கடிதங்கள் ஆப்பிரிக்கச் சிற்றூரார் பெட்டியில் இருந்தன.

சுவரை எடுத்த வீடு

முதல் இரு நூற்றாண்டுகளில் கிறிஸ்தவருக்குப் பெரிய கோயில்கள் இல்லை, வீடுகளிற் கூடினர். யூப்ரடீஸ் நதிக்கரையில் தூரா ஐரோப்பஸ் என்னும் எல்லைப்புற நகரம் 256-ஐ ஒட்டிப் பாரசீகர் முற்றுகையில் அழிந்து மண் மூடியது. 1931-32-இல் அங்கு அகழ்ந்தோர் கிறிஸ்தவர் கூடிய வீடு ஒன்றைக் கண்டனர். அது சாதாரணக் குடியிருப்பு வீடு. நடுவே முற்றம், சுற்றிலும் அறைகள். ஏறத்தாழ 240-ஐ ஒட்டி இரண்டு அறைகளுக்கு இடையில் இருந்த சுவரை எடுத்துவிட்டு ஒரு கூடமாக்கினர். வேறோர் அறையில் ஞானஸ்நானத் தொட்டி கட்டிச் சுவரில் ஓவியம் தீட்டினர். அதே தெருவில் சற்றுத் தொலைவில் யூதரின் ஜெப ஆலயமும் இருந்தது; அதன் சுவரிலும் அழகிய ஓவியங்கள் இருந்தன. மித்ரா தெய்வத்தின் கோயிலும் அந்நகரிலேயே இருந்தது. பல நாட்டுப் போர்வீரரும் வணிகரும் குழுமிய ஊரில் அவரவர் வழிபாடு அடுத்தடுத்து நடந்தது.

உண்டியும் பதிவேடும்

கூடிய மக்கள் என்ன செய்தனர்? யுஸ்தின் என்னும் அறிஞர் ஏறத்தாழ 155-இல் இதனை விரிவாக எழுதியுள்ளார். அவர் பாலஸ்தீனத்தில் பிறந்து ரோமாபுரியில் வாழ்ந்தவர். ஞாயிறுதோறும் கூடி மறைநூல் வாசிப்பர்; தலைவர் அறிவுரை கூறுவார்; அப்பமும் திராட்சரசமும் பகிர்வர்; இயன்றவர் விரும்பிய தொகையை இடுவர். அத்தொகையைத் தலைவர் காத்து, அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்போருக்கும் வெளியூரிலிருந்து வந்து தங்கியோருக்கும் உதவுவார் என்கின்றார் யுஸ்தின்.

கணக்குகளும் கிடைத்துள்ளன. கி. பி. 251-இல் ரோமாபுரி ஆயர் கொர்னேலியு எழுதிய மடலின்படி, அந்நகரத்துச் சபையில் மூப்பர் 46 பேர், திருத்தொண்டர் 7 பேர், துணைத் தொண்டர் 7 பேர்; வேறு பல பணியாளரும் உளர். சபை உணவளித்துக் காத்த விதவையரும் வறியோரும் 1500-க்கு மேற்பட்டோர்.

மற்றொரு பட்டியல் வட ஆப்பிரிக்காவின் சிர்த்தா நகரில் கிடைக்கின்றது. 303-இல் டயோக்ளீஷியன் சக்கரவர்த்தியின் ஆணைப்படி அதிகாரிகள் அங்கிருந்த சபை வீட்டைச் சோதனையிட்டுப் பொருள்களை எழுதிக்கொண்டனர். பொற்கிண்ணம் 2, வெள்ளிக் கிண்ணம் 6, சில விளக்குகள். அவற்றோடு பெண்கள் அங்கி 82, முக்காட்டுத் துணி 38, ஆண்கள் அங்கி 16, ஆண்கள் காலணி 13 இணை, பெண்கள் காலணி 47 இணை. பகைவர் எழுதிய பட்டியலில் ஏழைகளுக்கென வைத்த துணிகளே மிகுதி என்று இதனை ஆய்ந்தோர் கருதுவர். அச்சபை எதற்காக இருந்தது என்பதனை அப்பட்டியல் எந்தச் சொற்பொழிவைக் காட்டிலும் தெளிவாகச் சொல்கின்றது.

கி. பி. 250-ஐ ஒட்டிக் கொள்ளைநோய் பேரரசெங்கும் பரவியது. அலெக்சாந்திரியாவில் ஊரார் தம் உறவினரையே தெருவில் விட்டோடியபோது கிறிஸ்தவர் நோயாளிகளைத் தொட்டுப் பேணினர் என்றும், அதனால் பலர் உயிர் துறந்தனர் என்றும் அந்நகரத்து ஆயர் தியோனீசியு எழுதியுள்ளார். தம்மவர் எழுதியதாயிற்றே என ஐயுறலாம். ஆயின் பின்னாளில் அச்சமயத்தை ஒடுக்க விரும்பிய யூலியன் சக்கரவர்த்தியின் (361-363) பெயரால் வழங்கும் மடலும் இதையே ஒப்புகின்றது. அவர்கள் தம் ஏழைகளோடு நம் ஏழைகளையும் காக்கின்றனர். நாம் அதைச் செய்யாதது வெட்கக்கேடு என்னும் பொருள்பட அம்மடல் பேசுகின்றது.

பழியும் துன்பமும்

வேற்றூரார் ஒன்றுகூடினால் ஐயம் எழுவது எக்காலத்தும் உண்டு. 64-இல் ரோமாபுரி தீப்பற்றியெரிந்தபோது நீரோ மன்னன் பழியைக் கிறிஸ்தவர்மேற் சுமத்திப் பலரைக் கொன்றான். ஏறத்தாழ 112-இல் பித்தினியா நாட்டு ஆளுநர் பிளினி, இவர்களை என்ன செய்வது என்று திராஜன் சக்கரவர்த்திக்கு எழுதினார். விடியுமுன் கூடிப் பாடுகின்றனர், களவும் பொய்யும் செய்வதில்லை என உறுதி கொள்கின்றனர் என்பதற்கு மேல் குற்றம் ஒன்றையும் அவர் கண்டறியவில்லை. உண்மையறிய இரண்டு அடிமைப் பெண்களை வதைத்ததாக அவரே எழுதுகின்றார். அவ்விருவரும் சபையின் பணியாளர்.

ஏறத்தாழ 165-இல் ரோமாபுரியில் யுஸ்தினோடு அறுவர் கொல்லப்பட்டனர். விசாரணையில் அவர்கள் கூறிய ஊர்களைப் பார்த்தால் ஒருவர் கப்பதோக்கியர், மற்றொருவர் இக்கோனியாவிலிருந்து வந்தவர். 177-இல் இன்றைய பிரான்சு நாட்டு லியோன் நகரில் கொல்லப்பட்டோருள் பெர்கமு நகரத்து அத்தாலு, பிரிகியா நாட்டு வைத்தியர் அலெக்சாந்தர் ஆகியோர் இருந்தனர். அவர்களோடு வதைக்கப்பட்ட பிளாந்தினா என்னும் அடிமைப்பெண்ணின் உறுதி ஊராரை வியக்கச் செய்தது. அத்துயரச் செய்தியை லியோன் சபையார் கிரேக்க மொழியில் எழுதி, தொலைதூரத்து ஆசியாவில் இருந்த சபைகளுக்கு அனுப்பினர். துன்பம் வந்தபோது தாய்நாட்டுக்குக் கடிதம் எழுதியவர்கள் அவர்கள்.

250-இல் தேசியு சக்கரவர்த்தி எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெறவேண்டுமென ஆணையிட்டான். எகிப்தின் மணலில் இச்சான்றிதழ்கள் நாற்பதுக்கு மேல் கிடைத்துள்ளன. அஞ்சிப் பலியிட்டோர் பலர். பணங்கொடுத்துப் போலிச் சான்றிதழ் பெற்றோரும் உளர். தளர்ந்தவரைத் திரும்பச் சேர்ப்பதா என்று சபைகளில் கடும் பூசல் விளைந்தது. மனந்திரும்புவோரைத் தக்க காலத்தில் ஏற்கலாம் என்ற கட்சியே வென்றது. அனைவரும் வீரராய் இருந்ததாக அவர்கள் வரலாறு கூறவில்லை.

மொழியும் கீழ்த்திசையும்

லியோன் நகரத்து ஆயராகப் பின்னர் விளங்கிய இரேனேயு, ஆசியாவின் சிமிர்னாவில் வளர்ந்தவர். கெல்த்தியர் நடுவே வாழ்ந்து அவர்கள் மொழியையே பெரிதும் பேசுவதால் தம் எழுத்தில் நயம் எதிர்பார்க்க வேண்டா என்று தம் நூலின் முகப்பில் அவர் எழுதுகின்றார். ரோமாபுரிச் சபையிலோ முதல் இரு நூற்றாண்டுகளில் வழங்கிய மொழி கிரேக்கமே. அவ்வூர் ஆயர்களின் 3-ஆம் நூற்றாண்டுக் கல்லறை எழுத்துகளும் கிரேக்கத்தில் உள்ளன. பின்னரே அங்கு இலத்தீன் இடம் பெற்றது. சிரியாவில் சிரியக்கும் எகிப்தில் கொப்தும் மறைநூல் மொழிகளாயின. ஆர்மீனியருக்கு எழுத்தே இல்லாதிருந்தது. மெஸ்ரோப் என்னும் துறவி 405-ஐ ஒட்டி அதனை வகுத்தார். அவரவர் மொழியிலேயே சொல்வது என்ற வழக்கம் பல மொழிகளுக்கு ஆக்கந்தந்தது.

ரோமப் பேரரசுக்கு அப்பாலும் சமயம் சென்றது. எத்தியோப்பியாவின் அக்சும் நாட்டில் அதைப் பரப்பிய புருமெந்தியு தீரு நகரத்துச் சிறுவன். கப்பல் தாக்கப்பட்டுச் சிறைப்பட்டு, அரண்மனையில் வளர்ந்து உயர் பணி பெற்றவர். அங்கு வந்து தங்கிய ரோம வணிகருள் கிறிஸ்தவரைத் தேடிக் கண்டு, கூடித் தொழ இடம் அமைத்துக் கொடுத்தார் என்பர். 4-ஆம் நூற்றாண்டில் அந்நாட்டு மன்னன் எசானாவின் காசுகளில் பிறைக்குறி மறைந்து சிலுவைக்குறி தோன்றுகிறது.

நம் நாட்டைப் பொறுத்தவரை, தோமா என்னும் சீடர் கி. பி. 52-இல் மலையாளக் கரைக்கு வந்தார் என்பதும், மயிலாப்பூரில் உயிர் நீத்தார் என்பதும் நெடுநாள் மரபு. அக்காலத்தில் வழி இருந்தது என்பதற்கு ஐயமில்லை. முசிறிக்கும் எகிப்துக்கும் நடந்த வாணிகம் பற்றிய 2-ஆம் நூற்றாண்டு ஒப்பந்த ஏடு இன்று வியன்னாவில் உள்ளது. எகிப்தின் செங்கடல் துறைகளில் தமிழ்ப் பெயர் பொறித்த பானையோடுகளும் கிடைத்துள்ளன. 6-ஆம் நூற்றாண்டில் கொஸ்மாஸ் என்னும் பயணி, மிளகு விளையும் மலை நாட்டிலும் இலங்கையிலும் கிறிஸ்தவர் வாழ்ந்ததைக் குறிக்கின்றார்.

அரியணை சார்ந்த பின்

311-இல் கலேரியு துன்புறுத்தலை நிறுத்தினான்; 313-இல் கான்ஸ்டன்டைன் உரிமை தந்தான்; 325-இல் நிசேயாவில் அவன் முன்னிலையிலேயே ஆயர்கள் கூடினர். 380-இல் தியோதோசியு சக்கரவர்த்தி கிறிஸ்துவத்தைப் பேரரசின் சமயமாக்கினான். மாளிகைகளையொத்த பேராலயங்கள் எழுந்தன.

இங்குத்தான் வரலாறு நம்மை நிறுத்திக் கேட்கின்றது. 388-இல் யூப்ரடீஸ் கரையில் கலினிக்கு என்னும் ஊரில் கிறிஸ்தவக் கும்பல் ஒன்று யூதரின் ஜெப ஆலயத்தைக் கொளுத்தியது. அதை மீட்டுக் கட்டித் தருக என்று மன்னன் ஆணையிட்டான். மிலான் நகரத்து ஆயர் அம்புரோசு வற்புறுத்தி அவ்வாணையைக் கைவிடச் செய்தார். 391-ஐ ஒட்டி அலெக்சாந்திரியாவில் செராபிஸ் தெய்வத்தின் பெருங்கோயில் தகர்க்கப்பட்டது. எந்த ஜெப ஆலயங்களின் திண்ணையில் இச்சமயம் முதலில் இடம் பெற்றதோ, அவற்றுள் ஒன்று எரிந்தபோது எரித்தவர் தண்டனை பெறவில்லை. தூரா நகரில் ஒரே தெருவில் வாழ்ந்த காலம் மறந்துபோயிற்று.

சபை தன்னைக் குறிக்க வழங்கிய பழைய சொல் ஒன்றுண்டு. பரோயிக்கியா என்பது அக்கிரேக்கச் சொல். வேற்றூரில் உரிமையின்றித் தங்கியிருத்தல் என்பது அதன் பொருள். முதல் நூற்றாண்டின் இறுதியில் ரோமாபுரிச் சபை கொரிந்துச் சபைக்கு மடல் எழுதியபோது, ரோமாபுரியில் அந்நியராய்த் தங்கியிருக்கும் சபை என்றே தன்னைக் குறித்தது. காலப்போக்கில் அச்சொல் எல்லை வகுத்த ஊர்ப்பகுதிக்குப் பெயராயிற்று. ஆங்கிலேயர் பாரிஷ் என வழங்குவது அதன் திரிபே. தங்கிச் செல்வோரின் சொல் நிலைத்து ஆள்வோரின் சொல்லாயிற்று. எனினும் பழைய நெறியை மறவாதார் இருந்தனர். கப்பதோக்கியாவில் ஆயர் பசீல் ஏறத்தாழ 370-ஐ ஒட்டி நோயாளிகளுக்கும் வழிப்போக்கர்க்கும் பெரிய இல்லமொன்று அமைத்தார்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? வேற்றூரில் வாழும் மக்கள் தம் மொழியையும் மரபையும் காத்துக்கொள்ளக் கூடுவது இயற்கை, வேண்டுவதும் அதுவே. ஆயின் கூடிய கூட்டம் தன் பந்தியில் பிறர்க்கு இடம் வைக்கின்றதா என்பதும், வலிமை பெற்றபின் தான் அந்நியனாய் இருந்த நாளை நினைக்கின்றதா என்பதுமே அதன் மதிப்பை அளக்கும் கோல்கள். நம் காலனியிலும் நேற்று மாற்றலாகி வந்த குடும்பம் உண்டு. அடுத்த வீட்டில் வேறு மொழி பேசுவோர் உண்டு. ஒப்பந்தக் கூலியாய் வந்து தண்டவாளத்து ஓரத்தில் கூரையின்றித் தங்குவோரும் உண்டு.

சிர்த்தா நகரத்து அதிகாரிபோல் ஒருவர் என்றேனும் வந்து நம் சங்கத்தின் அலமாரியைத் திறந்து பட்டியல் எழுதினால், அதில் கோப்பைகளும் சால்வைகளும் எத்தனை இருக்கும், பிறர்க்கென எடுத்து வைத்த துணி எத்தனை இருக்கும் என்பதை இவ்வாண்டு விழா நாளில் நாம் எண்ணிப் பார்த்தல் நலம்.